சிப்பித்திட்டில் நிழல் காய்த்த காலம்

தாம்போதி என்கிற தரைப்பாலத்தைத் தாண்டினால் மண் வெளுக்கத் தொடங்கும், இன்னும் கொஞ்சம் போனால் ஆகாயமும் வெளுக்கும், அதற்கும் அப்பால் எது மண் எது ஆகாயம் என்று கண்ணுக்குப் பிரித்தறிய முடியாத ஓரிடத்தில், பாத்தி பாத்தியாய் உப்பு விளைகிற வெளியின் நடுவே சிப்பித்திட்டு இருந்தது. அங்கே மரம் கிடையாது, செடி கிடையாது, வேலியில் படர்கிற கோவைக்கொடிகூடக் கிடையாது. யாரோ ஆசைப்பட்டு நட்ட ஒரே ஒரு வேப்பங்கன்று நட்ட இடத்திலேயே உப்புப் பூத்துச் செத்து, அதன்பிறகு பல வருஷம் துணி காயப்போட உதவியது. உப்பளத்தில் வேலை பார்க்கிற குடும்பங்கள்தான் ஊர். அவர்களுக்கு நிழல் என்று ஒன்று வேண்டுமானால் அவரவர் காலடியில் கிடப்பதைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஊருக்குத் திங்கள்கிழமையும் வியாழக்கிழமையும் செண்பகவடிவு வந்தாள். சேலைக்கு மேலே காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, பின்னால் காய்கறிக் கூடைகள் குலுங்க, லோடு ஆட்டோவைத் தானே ஓட்டிக்கொண்டு வருவாள். டவுனில் இருந்த ஒரு அறக்கட்டளை அவளை வேலைக்கு வைத்திருந்தது. உப்பளத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் பச்சைக் காய்கறியும் பழமும் கொண்டுபோய்ச் சத்துணவோடு சேர்ப்பது, எதைத் தின்றால் உடம்புக்கு என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது, இவ்வளவுதான் வேலை.

அவள் முதன்முதலாக வந்தபோது சிப்பித்திட்டுப் பிள்ளைகளின் ஈறுகளில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பொழுது சாய்ந்தால் பாதிப் பிள்ளைகளுக்குக் கண் தெரியாது. முன்னால் போகிறவன் தோளைப் பின்னால் வருகிறவள் பிடிக்க, அவள் தோளை இன்னொருத்தன் பிடிக்க, ரயில் மாதிரி வரப்பில் நடந்து வீடுபோய்ச் சேர்வார்கள். அதை அவர்கள் ஒரு விளையாட்டு என்றே நினைத்திருந்தார்கள். காலையில் கறுப்புக் காப்பியும் பன்னும், ராத்திரி சோறும் கருவாடும், நடுவே பள்ளிக்கூடத்துச் சாம்பார். வடிவு ஒரு தக்காளியை எடுத்து அவர்கள் முன்னால் அறுத்தபோது ஒரு சிறுவன் சிவப்புச் சாற்றைப் பார்த்து அது சாகப்போகிறது என்று அழுதான்.

அவள் படம் எதையும் மாட்டவில்லை. கண்ணை மூடச்சொல்லி ஒவ்வொன்றாக மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "இது முருங்கைக்கீரை. உள்ள போயி கண்ணுக்குப் பின்னால உக்காந்து விளக்கேத்தும். இது நெல்லிக்கா. ஈறை இழுத்துப் பிடிச்சுத் தைச்சிரும். இது பூசணி, இது யாரு தெரியுமா, வயித்துக்குள்ள போயி ஒரு சூரியன் மாதிரி உக்காந்துக்கிடும்." மூன்றாம் வகுப்புச் சந்தனமாரி அந்தப் பூசணிக் கீற்றை முகர்ந்துவிட்டுத் திருப்பித் தரவே இல்லை. வடிவு முதலில் சொல்லிக்கொடுத்தது ஆசையைத்தான். சத்தெல்லாம் பின்னால் வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆசை வந்தது. ஆட்டோ சத்தம் தாம்போதியில் கேட்டதுமே பிள்ளைகள் வரப்புகளின் மேல் ஓடிவரத் தொடங்கினார்கள். "வண்டியத்தை, வண்டியத்தை" என்று கத்திக்கொண்டு அந்த வெள்ளை வெளியில் புள்ளி புள்ளியாய் அவர்கள் ஓடிவருவதைப் பார்க்கிறபோது வடிவுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். இரண்டு வருஷத்தில் ஈறுகள் ஆறின. மாலை ரயில் மெல்ல மெல்லக் குட்டையாகி, ஒருநாள் ரயிலே இல்லாமல் போய், எல்லாரும் தனித்தனியாக வீடுபோனார்கள்.

பிறகு ஆனி மாதத்தில் பருவம் தப்பி ஒரு மழை பெய்து தாம்போதியை அறுத்துக்கொண்டு போனது. மழை மறுநாளே ஓய்ந்துவிட்டது, வெயிலும் பழையபடி வந்துவிட்டது, பாலம் மட்டும் வரவில்லை. அக்கரையில் வடிவின் ஆட்டோ நின்றது, இக்கரையில் பிள்ளைகள் நின்றார்கள். திங்களும் வியாழனும் அவர்கள் தாம்போதிப் பக்கமே பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள் என்று பின்னால் அமலோற்பவம் டீச்சர் சொன்னாள். தலைமையாசிரியையும் அவளே, மற்ற ஆசிரியைகளும் அவளே. நின்றவர்கள் சும்மா நிற்கவில்லை, ஒவ்வொருவரும் தான் தின்ன விரும்பியதை மனசுக்குள் வைத்துச் சப்பிக்கொண்டு நின்றார்கள்.

ஆடி பிறந்தபிறகு ஒரு வள்ளக்காரரைக் கெஞ்சிக் கேட்டு, ஒரே ஒரு கூடையோடு வடிவு கடல்வழியாகச் சிப்பித்திட்டுக்குப் போய் இறங்கினாள். அவளைப் பார்த்து யாரும் ஓடிவரவில்லை. சாயங்கால வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கு ஓரிடமாக அசையாமல் நின்றிருந்தார்கள். அவர்கள் நிழல்கள் நீண்டு கிடந்தன. நிழல்களின் மேலே தாய்மார்கள் குத்தவைத்துக் கீரை பறித்துக்கொண்டிருந்தார்கள்.

சந்தனமாரியின் அம்மா முத்துக்கிளி தலைநிமிர்ந்து பார்த்தாள். மடியில் அரைக்கீரை, கையில் ஒரு பிஞ்சுப் புடலங்காய்.

"வாங்க மைனி" என்றாள். "பாத்து வாங்க, நிழலை மிதிச்சுராதிய."

வடிவு பார்த்து நடந்தாள். உப்புப் பொரிந்த தரையில் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் மண் கறுத்து, ஈரமாகி, இலை விட்டிருந்தது. நிழலின் விளிம்பு எதுவோ அதுதான் பாத்தியின் விளிம்பு. ஒரு பையன் தலையைச் சொறிந்தான், கத்தரிச்செடி ஒன்று கையளவு தூரம் தள்ளிப்போய் நின்றது.

"என்ன உரம் போட்டிய?" என்று கேட்டாள் வடிவு. வேறு என்ன கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஒண்ணும் போடலை. நிக்கச் சொன்னோம், நிக்குதுவ."

ஊர் அதை எப்படி ஏற்றுக்கொண்டது என்றால், அடுப்பங்கரையில் ஒரு பூனை வந்து குட்டிபோட்டால் எப்படி ஏற்றுக்கொள்ளுமோ அப்படி. முதல் இரண்டு நாள் பேச்சு, மூன்றாம் நாள் சட்டதிட்டம். அடுத்த வீட்டுப் பிள்ளை நிழலைத் தாண்டக்கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். உச்சிவெயிலில் நிழல் காலடிக்குள் சுருங்கிக் கிடப்பதால் அப்போது முளை மட்டும்தான் தெரியும், கை வைக்கக்கூடாது. மூன்று மணிக்குமேல் கீரை. வெயில் சாயச் சாயக் காய். நிழல் நீண்டு நீண்டு பொழுது விழுகிற நேரத்துக்குத்தான் கொடிகள் ஓடும். சூரியன் மறைவதற்குள் பறித்ததெல்லாம் வீட்டுக்கு, பறிக்காதது இருட்டோடு போய்விடும். மேகம் போட்டால் அன்றைக்கு விவசாயம் கிடையாது. இரட்டைப் பிள்ளைகளைச் சேர்த்து நிற்க வைத்தால் நிழல் ஒன்றோடொன்று கலந்து, பாதி பாகலும் பாதி பீர்க்குமாக யாருக்கும் பேர் தெரியாத ஒரு காய் காய்த்தது. அதைச் சமைத்துத் தின்றவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். ஒரு பையனின் நிழல் அளத்துக் கண்காணி தளவாய் வீட்டுச் சுவரில் விழுந்து அவரைக்கொடி ஓட்டின்மேல் ஏறியபோது, சுவர் என்னுடையது என்றார் கண்காணி, நிழல் எங்களுடையது என்றார்கள் பையன் வீட்டார். கடைசியில் சுவரில் காய்த்தது கண்காணிக்கு, தரையில் காய்த்தது பையனுக்கு என்று பேசி முடித்தார்கள். எங்கிருந்தோ கேள்விப்பட்டு விவசாய அதிகாரி ஒருவர் வந்தார். அவர் வந்தது மேகமூட்டமான நாள். பிள்ளைகளைப் பார்த்தார், உப்பைப் பார்த்தார், இளநீர் இருக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றதும் போய்விட்டார்.

வள்ளத்தில் வந்த அன்று வடிவு கொண்டுபோன கூடையை வாங்கி ஒரு மூலையில் வைத்தார்கள். வாங்கியவர்கள் அன்பாகத்தான் வாங்கினார்கள், ஆனால் யாரும் உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லை. திரும்பி வள்ளத்தில் வருகிறபோது அவள் சிப்பித்திட்டுக் கரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிள்ளைகளுக்குக் காய் கிடைத்துவிட்டது, சந்தோஷப்படாமல் என்ன இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டே மறுபடியும் கரையைப் பார்த்தாள்.

ஆவணியில் தாம்போதியை மண்ணடித்துச் சரிசெய்தார்கள். அந்தப் புது மண்ணின் மேல் வடிவின் ஆட்டோவுக்கு முன்னாலேயே ஒரு லாரி போனது. அது டவுன் மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்த பொன்னுலிங்கம் அண்ணாச்சியின் லாரி. உப்பு வெளியில் நிழலில் காய்த்த காய்க்குத் தனி ருசி இருந்தது. ஒரு துண்டு போட்டால் குழம்பு முழுக்க மணந்தது. டவுன்காரர்கள் அண்ணாச்சி கடைவாசலில் காத்துக்கிடந்தார்கள். அண்ணாச்சி நல்ல மனுஷர்தான். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொண்டுவந்தார், பறித்த காய்க்குக் கையோடு காசு கொடுத்தார். ஐப்பசி பிறந்தால் மழைக்காலம், மூன்று மாதம் அளத்தில் வேலை கிடையாது, அந்த மூன்று மாதத்தை எப்படித் தள்ளுவது என்பதுதான் சிப்பித்திட்டின் வருஷம் முழுவதற்குமான கவலை. இந்த வருஷம் வீடுகளின் மேலே புதுத் தார்ப்பாய் ஏறியது, மூலையில் அரிசி மூட்டை உட்கார்ந்தது.

அப்படி இருக்கையில் ஒரு வியாழக்கிழமை வடிவு வண்டி நிறையக் காயோடு வந்தாள். நீண்டநாள் கழித்து வந்திருக்கிறோம் என்று அவளே சமையலறைக்குள் நுழைந்து, பூசணிக்கூட்டும் முருங்கைக்கீரைப் பொரியலும் செய்து, வாழைப்பழத்தை உரித்து உரித்துக் கொடுத்து, போதும் அத்தை போதும் அத்தை என்று பிள்ளைகள் வயிற்றைப் பிடிக்கிற வரைக்கும் பரிமாறினாள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே போய் அவரவர் இடத்தில் நின்றார்கள். வெயில் சாய்ந்தது, நிழல் நீண்டது, லாரி வந்தது. நிழல்களில் ஒன்றும் இல்லை. உப்பின் மேலே வெறும் நிழல், வேறெங்கும் எல்லாருக்கும் விழுகிற நிழல்.

அண்ணாச்சி லாரியைத் திருப்பிக்கொண்டு போனார். ஊர் வடிவைப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிள்ளைகளுக்குச் சத்துணவு கொஞ்சம் குறைந்தது, அன்றைக்குக் காய் கொஞ்சம் கூடியது. யாரும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. நிறைந்த வயிற்றின் நிழல் காய்க்காது. ஏங்குகிற பிள்ளையின் நிழல்தான் காய்க்கும், எதற்கு ஏங்குகிறதோ அதைக் காய்க்கும்.

அடுத்த திங்கள்கிழமை தாம்போதியின் முனையிலேயே முத்துக்கிளி நின்றிருந்தாள். அளத்திலிருந்து நேரே வந்திருந்தாள், உப்புத் தண்ணீரில் வெடித்த பாதங்களில் துணி சுற்றியிருந்தாள். ஆட்டோவை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"மைனி, கோவப்படாதிய. இனி நீங்க வரவேண்டாம்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. நாங்கதான் சொல்லுதோம். பிள்ளையளப் பட்டினி போடுதோம்னு நெனைச்சுராதிய. வெயில் இறங்குற வரைக்கும் கொஞ்சம் பொறுத்திருன்னு சொல்லுதோம், அவ்வளவுதான். பறிச்சு முடிச்சதும் சோறு போட்டிருதோம். மழைக்கு முன்ன ரெண்டு காசு சேக்க வேண்டாமா? நீங்க வந்து வயித்த ரொப்பிட்டா அன்னைக்குப் பொழுது போச்சு."

வடிவு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏதோ சொல்லவேண்டும் என்று இருந்தது. ஆனால் எது சொல்ல நினைத்தாலும் அதற்குள் தன்னுடைய வருத்தமும் கலந்து வந்தது. என்னைத் தேடி ஓடிவர ஆளில்லையே என்கிற வயிற்றெரிச்சலில்தான் இதைத் தப்பு என்கிறேனா, நிஜமாகவே இது தப்பா? அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆட்டோவைத் திருப்பினாள்.

ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. வடிவு தன் பொறுப்பில் இருந்த மற்ற இரண்டு பள்ளிக்கூடங்களுக்கும் போய்வந்துகொண்டிருந்தாள். அங்கேயெல்லாம் நிழல் வெறும் நிழலாக விழுந்தது. கத்தரிக்காயைக் கையில் தூக்கிப் பிடித்து இது என்ன என்று பிள்ளைகளைக் கேட்கிறபோதே அவள் கண் தாம்போதிப் பக்கம் போய்விடும். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் பூசணிப்பூ வாசம் வந்தது.

ஒருநாள் காலையில் அமலோற்பவம் டீச்சர் போன் செய்தாள். டீச்சர் எப்போதும் கத்திப் பேசுகிறவள், அன்றைக்கு மெதுவாகப் பேசினாள்.

"வடிவு, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன். முத்துக்கிளி மக இருக்காளே, அவளை நேத்து வகுப்புல உக்காருன்னேன். உக்காந்தா. அவ நிழல் உக்காரல. நின்னுட்டே இருந்துச்சு."

"நீங்க என்ன செஞ்சிய?"

"என்ன செய்ய, வருகைப்பதிவு எடுத்தேன். பேரச் சொன்னா அவ வாயத் திறக்கல."

வடிவு கேஸ் அடுப்பையும் ஒரு பெரிய சட்டியையும் தாளிக்கக் கொஞ்சம் எண்ணெய், கடுகு, வெங்காயத்தையும் ஆட்டோவில் ஏற்றினாள். வேறு காய்கறி எதையும் ஏற்றவில்லை. காய்தான் அங்கேயே காய்த்துக் கிடக்கிறதே, அதைப் பிள்ளைகள் தின்ன வேண்டியதுதான் பாக்கி என்கிற கணக்கு அவளுக்குள் அப்போதே தெளிந்திருந்தது.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தாள். சிப்பித்திட்டை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. உப்புப் பாத்திகளின் மேலே, வரப்பின் மேலே, குவித்துவைத்த உப்பு அம்பாரங்களின் மேலே எங்கு பார்த்தாலும் பச்சை ஓடியது. சுரைக்கொடி, பூசணிக்கொடி, யானைக்காது மாதிரி இலைகள், மஞ்சள் மஞ்சளாய்ப் பூக்கள், பூவைச் சுற்றி எந்த ஊரிலிருந்தோ வந்த தேனீக்கள். அவ்வளவும் நடுவில் நின்ற ஒரே பிள்ளையின் நிழலில் காய்த்தவை. மற்றப் பிள்ளைகளின் நிழலும் காய்த்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் சந்தனமாரியின் நிழல்போல யாருக்கும் இல்லை. அது மையாய்க் கறுத்து, தடித்து, தரையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பிக்கூட இருந்தது. அவளோ வெளுத்திருந்தாள். கண்ணாடிக் குவளையைப் பார்ப்பதுபோல, அவள் தோளின் ஊடாகப் பின்னால் இருக்கிற உப்பு தெரிந்தது.

அண்ணாச்சியின் லாரி நின்றிருந்தது. ஏற்றுகிறவர்கள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வடிவு ஆட்டோவைக் கொண்டுபோய் லாரிக்கு முன்னால் நிறுத்தினாள். அடுப்பை இறக்கி வரப்பின்மேல் வைத்தாள். நிழலைச் சுற்றிப் போகவில்லை, நேரே அதன்மேல் நடந்து போய், இருந்ததிலேயே நல்ல பூசணிக்காயைக் காம்போடு அறுத்தாள்.

"ஏ வடிவு, யாரு காயில கை வைக்க?" என்றார் கண்காணி தளவாய்.

"சந்தனமாரி காயில."

"அது லாரிக்குப் போறது."

"லாரிக்கா பசிக்கு?"

ஆட்கள் கூடிவிட்டார்கள். வடிவு பூசணியைப் பிளந்தாள், நறுக்கினாள், சட்டியில் போட்டாள். கடுகும் வெங்காயமும் வெடித்த வாசம் அந்த வெளி முழுக்கப் பரவியபோது, நின்றிருந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே சமயத்தில் தலையைத் திருப்பினார்கள். எல்லா நிழல்களிலும் சரசரவென்று இன்னொரு அடுக்கு இலை துளிர்த்தது. அதைப் பார்த்ததும் தாய்மார்களில் சிலருக்கு முகம் மாறியது.

முத்துக்கிளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"மைனி, நான் உங்க காலப் பிடிக்கேன். இன்னும் பத்துப் பதினஞ்சு நாளு. மழை வந்துட்டா நானே இவள நிறுத்த மாட்டேன். போன மழைக்கு நாங்க என்ன தின்னோம்னு உங்களுக்குத் தெரியுமா? மூணு மாசம் நீங்க வந்து சோறு போடுவியளா?"

வடிவு கிண்டிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தினாள்.

"மழைக்கு என்ன வழின்னு எனக்குத் தெரியாது முத்துக்கிளி. பொய் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. நீயி எம்மேல கோவப்படு, அடிக்கக்கூடச் செய்யி. முதல்ல அவளக் கூப்பிட்டுப் பாரு. அங்கன நிக்கது எதுன்னு கூப்பிட்டுப் பாரு."

முத்துக்கிளி திரும்பினாள். "ஏட்டி சந்தனமாரி" என்றாள்.

பிள்ளை அசையவில்லை. தரையில் கிடந்த நிழல் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது.

சிப்பித்திட்டு எத்தனையோ அதிசயங்களுக்குப் பழகியிருந்தது. இதற்குப் பழகவில்லை. லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கையில் எடுத்த சுரைக்காயை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்கள். முத்துக்கிளி பாதத்துத் துணி அவிழ்ந்து இழுபட, வெடித்த காலோடு உப்பின்மேல் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். தூக்கியவள் தடுமாறிப் பின்னால் சாய்ந்தாள். பிள்ளைக்குப் பழைய கனம் இருக்கும் என்று நினைத்துத் தூக்கியிருந்தாள், காய்ந்த துணியைத் தூக்கியதுபோல் இருந்தது.

வரப்பில் உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டாள். வடிவு தட்டை நீட்டினாள். முத்துக்கிளியின் கை உப்பும் கீறலுமாக இருந்தது, சேலையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை, அந்தக் கையாலேயே பூசணியை மசித்து ஊதி ஊதிப் பிள்ளையின் உதட்டில் வைத்தாள். முதல் வாய் வெளியே வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது.

"தின்னு ஆத்தா" என்றாள். "யாருக்கும் வேண்டாம். உனக்குத்தான். எல்லாம் உனக்குத்தான்."

மூன்றாவது வாய் உள்ளே போனது. தொண்டைக்குழியில் மஞ்சளாய் அது இறங்குவதை எல்லாரும் பார்த்தார்கள், அவ்வளவு வெளுத்திருந்தாள் பிள்ளை. தூரத்தில் அம்பாரத்தின் மேல் ஒரு கொடி தளர்ந்து படுத்தது. அவள் தின்னத் தின்ன ஒவ்வொரு கொடியாய்ப் படுத்தது. நிழல் முதலில் முழங்காலை மடக்கியது, பிறகு மெல்ல உட்கார்ந்தது, பிறகு தாயும் மகளும் உட்கார்ந்த நிழலோடு போய்ச் சேர்ந்துகொண்டது. லாரிக்குள் ஏற்றியிருந்த காய்கள் உப்பாக உதிர்கிற சத்தம், மணல் கொட்டுவதுபோல, வெகுநேரம் கேட்டது.

"இன்னும் சூடா இருக்கும்மா" என்றாள் சந்தனமாரி. வாய்க்குள் இருந்ததைப் பற்றிச் சொன்னாள்.

அதற்குள் ஒவ்வொரு தாயாக வந்து தட்டு நீட்டினாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அண்ணாச்சி சிறிதுநேரம் நின்று பார்த்துவிட்டு, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிட்டாய்ப் பொட்டலத்தை வரப்பில் வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு அவர் லாரி அந்தப் பக்கம் வரவில்லை.

மழைக்காலம் எப்போதும்போலக் கஷ்டமாகத்தான் போனது. ஆனால் அந்தத் தடவை ஒரு மாற்றம் இருந்தது. வீட்டுமூலைகளில் சேர்த்த அரிசியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து ஒரே உலையில் போட்டார்கள். அமலோற்பவம் டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட, ஊரே அங்கே சாப்பிட்டது. தாம்போதியில் தண்ணீர் ஏறாத நாட்களில் வடிவு வந்தாள். தண்ணீர் ஏறிய நாட்களில் வள்ளத்தில் வந்தாள். மேகத்துக்கு அடியில் எந்தப் பிள்ளைக்கும் நிழலே விழாததால், எவருக்கு ஏக்கம், எவருக்கு நிறைவு என்று தெரியாமல், எல்லாருக்கும் ஒரே மாதிரி பரிமாறினார்கள்.

தை பிறந்து வெயில் திரும்பியபோது எல்லாரும் பிள்ளைகளின் காலடியைப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு நிழலில் இலை தெரிந்தது. யாரும் பறிக்கவில்லை. யார் வீட்டில் அடுப்பு எரிகிறதோ அந்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "ஏல, உன் நிழல்ல கீரை எட்டிப் பாக்கு, வா உள்ள" என்று பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டு போனாள். அப்படியே ஒவ்வொரு நிழலாய் வெறுமையானது. வடிவு மத்தியான வகுப்பைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே வெயிலில் வைத்தாள். நெல்லிக்காயைத் தூக்கிக் காட்டிப் பேசிக்கொண்டே கண்ணால் தரையைக் கூட்டிப் பார்ப்பாள். ஒன்றும் முளைக்காத அந்த வெறுந்தரை அவளுக்கு அழகாக இருந்தது.

அப்படி ஒரு மத்தியானம், வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில், புது வருஷத்துப் பாத்திகளை மிதித்துச் சீர்செய்துவிட்டு, முத்துக்கிளி தண்ணீர் குடிக்கப் பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்தாள். குடத்திலிருந்து மொண்டு குடித்தவள் சட்டென்று கீழே பார்த்து, இடது காலைத் தூக்கித் தன் நிழலின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டாள். அதுவரை பெரியவர்கள் யாருடைய நிழலிலும் எதுவும் முளைத்ததில்லை. எப்போதாவது முளைக்கும் என்று யாரும் எதிர்பார்த்ததும் இல்லை.

"அம்மா, கால எடு" என்றாள் சந்தனமாரி.

"ஒண்ணுமில்லட்டி. நீ பாடத்தக் கவனி."

"கால எடும்மா."

முத்துக்கிளி காலை எடுத்தாள். வெடித்த பாதம் அழுத்தியிருந்த இடத்தில், மஞ்சள் பூவின் நுனி இன்னும் உதிராத ஒரு வெள்ளரிப்பிஞ்சு கிடந்தது.

பிள்ளைகள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். முத்துக்கிளிக்கு முகம் சிவந்துவிட்டது. "வெயிலு" என்றாள், "தொண்டை வறண்டுச்சு, ஏதோ நெனப்பு வந்துச்சு, அவ்வளவுதான், நான் சாப்பிட்டாச்சு" என்றாள். காலையில் சாப்பிடவில்லை என்பது அவள் மகளுக்குத் தெரியும். சந்தனமாரி ஆட்டோவுக்கு ஓடி, வடிவு அறுத்துவைத்திருந்த வெள்ளரியில் ஒன்றை எடுத்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிக்கொண்டு வந்து, தாயைத் தோளைப் பிடித்து அழுத்திப் பிள்ளைகள் நடுவில் உட்கார வைத்தாள். அந்தச் சின்னக் கைக்கு இப்போது நல்ல பலம் இருந்தது.

முத்துக்கிளி கடித்தாள். தண்ணீர் வாயோரம் வழிந்தது. துடைக்காமல் மென்றாள். கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல், காம்பு வரைக்கும் தின்றாள். வடிவும் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து அவள் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 

தின்று முடித்துக் கண்ணைத் திறந்தாள். ஒருமுறை எல்லார் முகத்தையும் பார்த்தாள். பிறகு, அவள் பிறந்ததிலிருந்து யாரிடமும் கேட்டிராத ஒன்றை, வெட்கத்தோடு, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"மைனி, இன்னொண்ணு இருக்கா?"